ஊர்க் கணக்கும் கடல்கடந்த வாழ்வும்: உண்டியல் முதல் வங்கி அட்டை வரை

உண்டியல் என்றதும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு பொருள்கள்தான் நினைவுக்கு வரும். ஒன்று, காசு சேர்க்கும் மண் உண்டியல். மற்றொன்று, திருமலையில் துணி போர்த்தி நிற்கும் காணிக்கை உண்டியல். மூன்றாவது பொருள் ஒன்று இருந்தது. ஓர் ஊரில் பணத்தைக் கட்டி, மற்றோர் ஊரில் வாங்கிக்கொள்ள வணிகர் எழுதிக் கொடுத்த சீட்டுக்கும் உண்டியல் என்றே பெயர். ஈழத்தமிழர் வங்கி வழியல்லாமல் ஊருக்குப் பணம் அனுப்புவதை இன்றும் அந்தச் சொல்லால்தான் குறிக்கிறார்கள். தமிழ்நாட்டுத் தமிழர் அதை ஏறக்குறைய மறந்துவிட்டோம்.

நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் நாலு பேர் ஒரு பந்தியில் உட்கார்ந்தால் பேச்சு ஊர்ப்பக்கம் போகும். ஐந்து நிமிடத்தில் அது பேங்க் பேச்சாகிவிடும். "உங்க ஊர் கார்டு வேலை செய்யுதா சார்?" "எங்கே? நம்பர் கட் ஆயிடுச்சு, ஓ.டி.பி.யே வரமாட்டேங்குது." இதை இந்தத் தலைமுறைக்கு வந்த புதுத் தலைவலி என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊரை விட்டு வந்தவன் ஊரிலுள்ள தன் பணத்தைத் தொட வேண்டுமானால், "ஆமாம், இது அவன்தான்" என்று ஊரில் யாராவது ஒருவர் சொல்லியாக வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதுதான் காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. அந்த மாற்றத்தை, நான் பிறந்த சித்தூரையும் படித்த திருப்பதியையும் வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

சித்தூர்க் கச்சேரியும் திருமலைக் கொப்பரையும்

1801இல் ஆர்க்காட்டு நவாபின் நாடு கம்பெனியார் கைக்குப் போனபோது திருமலைக் கோயிலின் வருமானமும் சேர்ந்தே போயிற்று. அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைமையிடம் சித்தூர். (வேலூர் தலைமையிடமானதும் சித்தூர் தனி மாவட்டமானதும் 1911இல்.) ஆகவே ஏழுமலையான் காணிக்கையின் கணக்கு சித்தூர்க் கலெக்டர் கச்சேரியில் எழுதப்பட்டது. 1803இல் ஸ்டிராட்டன் என்ற கலெக்டர் கோயிலின் வரவுசெலவு பற்றி விரிவான அறிக்கை எழுதினார். 1821இல் நிர்வாக விதிகள் தொகுக்கப்பட்டன. அவற்றை 'புரூஸ் கோடு' என்பார்கள். 1843இல் கம்பெனியார் கோயில் நிர்வாகத்திலிருந்து விலகி, ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம் பொறுப்பைக் கொடுத்தனர். 1932ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டத்துக்குப் பிறகு, 1933இல் திருமலை திருப்பதி தேவஸ்தானம் அமைந்தது.

இந்தக் கணக்குகளில் எனக்கு வியப்பான ஒன்று, பணம் போட்டவர் பெயர் இல்லாததுதான். வீட்டில் காய்ச்சல், பிரசவம், வழக்கு எது வந்தாலும் ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தடியில் வைப்பார்கள். ஊர் மாறிப் போனாலும் முடிச்சும் கூடவே போகும். பத்து வருடம் கழித்து மலையேறும்போது கொப்பரையில் விழும். கொப்பரை என்பது அந்த உண்டியலுக்குத் தெலுங்கில் வழங்கும் பெயர். பாஸ்புக் இல்லை, கையெழுத்து இல்லை. யார் போட்டது என்று பெருமாளுக்குத் தெரியும், அது போதும்.

வங்கிக்கு அது போதவில்லை. உண்டியலில் விழும் வெளிநாட்டு நோட்டுகளைக் கொடுத்தவர் யார் என்ற விவரம் இல்லாததால், வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அவற்றை வங்கியில் வரவு வைப்பதில் சிக்கல் எழுந்தது; தேவஸ்தானத்துக்கு அபராதம் விதிக்கப்பட்ட செய்தி 2023இல் பத்திரிகைகளில் வந்தது. குபேரனிடம் பட்ட கடனுக்கு இன்றும் வட்டி கட்டுகிறவர் என்று நாம் சொல்லும் சாமிக்கே இந்த நிலை என்றால், நம் கணக்குக்கு அடையாளம் கேட்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

முகம் தெரிந்தவன் கையில் சீட்டு

வணிகர் உண்டியலுக்கு வருவோம். அதில் பல வகை உண்டு. பார்த்த மாத்திரத்தில் பணம் தர வேண்டியதை வடநாட்டார் 'தர்சனி உண்டி' என்றனர். (தரிசனம் என்ற அதே சொல்தான். திருப்பதிக்காரன் காதில் இது வேறு மாதிரி விழும்.) குறிப்பிட்ட நாள் கழித்துத் தருவது வேறு வகை. மூன்றாவதாக 'ஷா ஜோக்' என்று ஒன்று. இதை யார் வேண்டுமானாலும் கொண்டுபோய்ப் பணம் வாங்க முடியாது. கடைவீதியில் பெயர் உள்ள ஒரு 'ஷா', அதாவது மதிப்புள்ள வணிகர் மூலமாகத்தான் வாங்க முடியும். சீட்டு திருட்டுப் போனால் திருடனால் பயனில்லை, ஏனென்றால் அவனுக்காகப் பொறுப்பேற்கும் பெரிய மனிதர் இருக்கமாட்டார். சீட்டு வழியில் தொலைந்தால் இரண்டாம் படியும், அதுவும் போனால் மூன்றாம் படியும் எழுதித் தரும் வழக்கம் இருந்தது. இன்றைக்குக் கார்டு தொலைந்தால் பழையதை முடக்கிப் புதியது தருகிறார்களே, அந்த ஏற்பாடு அன்றே உண்டு. 1881இல் மாற்றுமுறை ஆவணச் சட்டம் வந்தபோதும், இந்த நாட்டு உண்டிகளை அந்தந்த இடத்து வழக்கத்துக்கே விட்டுவிட்டார்கள்.

நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் நடத்திய கடைகள் இந்த முறையின் தமிழ் வடிவம். வெளிநாட்டுக் கிட்டங்கியில் கட்டிய பணம் செட்டிநாட்டில் கிடைக்கும். நடப்பு வட்டி, தவணை வட்டி என்று அவர்கள் பேசிய சொற்கள் பின்னால் நம் வங்கிகளுக்கும் வந்தன. சித்தூர்ப் பக்கத்து எளிய குடும்பங்களுக்கு இந்த வசதி எட்டியிருக்குமா என்றால், பெரும்பாலும் இல்லை. முகம் தெரிந்த முதலாளி உள்ளவனுக்குத்தான் உண்டியல்.

மற்றவர்களுக்குத் தபால்காரர் வந்தார். 1880இல் அஞ்சல் துறை மணியார்டரைத் தொடங்கியது. எங்கள் தெருவில் நான் சிறுவனாகப் பார்த்த காட்சிதான்: பட்டாளத்திலிருந்தோ ரயில்வேயிலிருந்தோ மகன் அனுப்பிய பணத்தைத் தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து எண்ணிக் கொடுப்பார். கிழவி கைநாட்டு வைப்பாள். சாட்சிக் கையெழுத்துக்கு எதிர்வீட்டு வாத்தியாரைக் கூப்பிடுவார்கள். "ஆமா, இவங்கதான்" என்று சொல்ல ஒரு தெருவே இருந்தது. ஆனால் இது ஒருவழிப் பாதை. வெளியூர்க்காரன் ஊருக்கு அனுப்பலாம். ஊரில் சேர்ந்த தன் பணத்தை அங்கிருந்து எடுக்க முடியாது.

அதற்கு வங்கி வேண்டியிருந்தது. 1906இல் சென்னையின் ஆர்பத்நாட் கம்பெனி திவாலாகிப் பலரின் சேமிப்பு கரைந்ததையொட்டி, வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயற்சியால் 1907இல் இந்தியன் வங்கி தோன்றியது. அது 1932இல் கொழும்பிலும் 1940இல் ரங்கூனிலும் 1941இல் சிங்கப்பூரிலும் கிளை திறந்தது. மு.சி.த.மு. சிதம்பரம் செட்டியார் 1937இல் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது. பெயரைக் கவனியுங்கள். கடல்கடந்தவர்களுக்கென்றே ஒரு வங்கி. 1942இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்ததும் அந்தக் கணக்கெல்லாம் அந்தரத்தில் நின்றது. 1963இல் பர்மா அரசு வங்கிகளை நாட்டுடைமையாக்கியதும் மிச்சமும் போயிற்று. நாடு மாறினால் கணக்கு எந்தப் பக்கம் நிற்கும் என்ற பாடத்தைப் பர்மாத் தமிழர் அன்றே படித்துவிட்டார்கள். சித்தூர் மாவட்டத்தில் பின்னாளில் முன்னோடி வங்கியாக இருந்ததும் அதே இந்தியன் வங்கிதான் என்பதால், எங்கள் ஊர் வீடுகள் பலவற்றில் அதன் பாஸ்புக் இருக்கும். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதில் தமிழில் கையெழுத்துப் போட்டார்கள். படிவம் தெலுங்கில், கையெழுத்து தமிழில், கவுண்டர்க்காரர் இரண்டிலும் பேசுவார்.

இந்தியா, நேப்பாளம் மட்டும்

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அமெரிக்கா வந்த மூத்தவர்கள் 'எட்டு டாலர்' கதை சொல்வார்கள். அன்னியச் செலாவணிப் பஞ்சத்தில் அவ்வளவுதான் கையில் கொடுத்து அனுப்பினார்களாம். 1973ஆம் ஆண்டு அன்னியச் செலாவணிச் சட்டம், அதாவது 'ஃபெரா', இந்தக் கட்டுப்பாட்டை இன்னும் இறுக்கியது. அதே வேளையில் வெளிநாட்டு இந்தியரின் டாலரும் தினாரும் நாட்டுக்கு வேண்டியிருந்தன. 1970இல் என்.ஆர்.ஈ. கணக்கு வந்திருந்தது: வெளியே சம்பாதித்ததை ரூபாயாகப் போடலாம், வேண்டும்போது திருப்பி எடுத்துப் போகலாம். ஒரு கையால் கதவை அடைத்து, மறு கையால் ஜன்னலைத் திறந்த காலம்.

அட்டைகள் இந்த நெருக்கடிக்குள்தான் பிறந்தன. 1981இல் கடன் அட்டை வெளியிட்டு, இந்தியாவில் அதன் முன்னோடிகளில் ஒன்றானது ஆந்திரா வங்கி. பட்டாபி சீதாராமய்யா 1923இல் மசூலிப்பட்டினத்தில் தொடங்கிய வங்கி அது. 2020இல் யூனியன் வங்கியோடு இணைந்து மறைந்தது. நாட்டின் முதல் ஏ.டி.எம். 1987இல் பம்பாயில் வந்தது. தொண்ணூறுகளில் கைக்கு வந்த அட்டைகள் பலவற்றின் முகத்தில் 'இந்தியாவிலும் நேப்பாளத்திலும் மட்டும் செல்லும்' என்று அச்சிட்டிருப்பார்கள். நான் கடல் கடந்தபோது அப்படி ஓர் அட்டைதான் பர்சில் இருந்தது. விமானம் ஏறியதும் அது வெறும் பிளாஸ்டிக்.

2000 ஜூன் 1 முதல் 'ஃபெரா' போய் 'ஃபெமா' வந்தது. செலாவணிக் குற்றத்துக்குச் சிறை என்ற பயம் குறைந்தது. ஆனால் நம்மவர் பலர் இன்றும் கவனிக்காத ஒரு விதி இதிலும் உண்டு. வேலைக்காக வெளிநாட்டில் தங்கிவிட்டவர், ஊரிலுள்ள சாதாரணச் சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. வங்கிக்குச் சொல்லி என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். வீட்டு வாடகை, மாங்காய்த் தோட்டக் குத்தகை, நிலம் விற்ற பணம் எல்லாம் அதில் சேரும். வட்டிக்கு 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் வரியாகப் பிடிப்பார்கள். என்.ஆர்.ஈ. வட்டிக்கு இந்திய வரி இல்லை. கணக்கை மாற்றும்போது பழைய அட்டை செத்துவிடும், புதிய அட்டை வாங்க வேண்டும். அதனாலேயே பலர் மாற்றாமல் தள்ளிப்போடுகிறார்கள்.

அம்மா கையில் மகன் அட்டை

2000களின் தொடக்கத்தில் சித்தூரிலும் திருப்பதியிலும் ஏ.டி.எம். பெருகியபோது ஒரு விநோதம் நடந்தது. வெளிநாட்டில் பயன்படுத்த வாங்கிய அட்டை ஊரிலேயே தங்கிவிட்டது. மகன் குவைத்தில் அல்லது நியூ ஜெர்சியில். அட்டை அம்மாவின் சுருக்குப் பையில். ரகசிய எண் காலண்டருக்குப் பின்னால் பென்சிலில். மாதம் பிறந்தால் பக்கத்து வீட்டுப் பையன் கூடப் போய் எடுத்து வருவான். மணியார்டருக்குப் பதில் இது. தபால்காரரும் இல்லை, சாட்சியும் இல்லை.

அன்பினால் செய்கிற ஏற்பாடுதான், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் வங்கியின் கண்ணில் அட்டை வைத்திருப்பவன்தான் மகன். பக்கத்து வீட்டுப் பையன் ஒரு நாள் கூடுதலாக எடுத்தால் கேட்க வழியில்லை. ரகசிய எண்ணைக் கொடுத்தது நீங்கள்தானே என்பார்கள். சரியான வழி சட்டத்திலேயே இருக்கிறது. ஊரிலுள்ளவருக்குப் பவர் ஆஃப் அட்டர்னி கொடுத்தால் அவர் உள்ளூர்ச் செலவுக்குப் பணம் எடுக்கலாம். என்.ஆர்.ஓ. கணக்கில் ஊரிலுள்ளவரைக் கூட்டுதாரராகச் சேர்க்கலாம். 2011 முதல் என்.ஆர்.ஈ. கணக்கிலும் நெருங்கிய உறவினரைச் சேர்க்கலாம். 'முதலாமவர் அல்லது பின் உயிரோடிருப்பவர்' என்ற முறையில் மட்டும். அதாவது மகன் இருக்கும்வரை அம்மா தன் உரிமையாக எடுக்க முடியாது, பவர் இருந்தால்தான். வருத்தமான விதி. தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அட்டைக்கும் முகவரிக்கும் உள்ள முடிச்சு எனக்குப் புரிந்தது 2019 ஜனவரியில். காந்தப் பட்டை அட்டைகளை எல்லாம் 2018 டிசம்பர் 31க்குள் சில்லு வைத்த அட்டைகளாக மாற்றச் சொல்லி ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருந்தது. என் வங்கி (பெயர் வேண்டாம்) புது அட்டையைச் சித்தூர் முகவரிக்கு அனுப்பிவிட்டு, நான் வைத்திருந்ததை முடக்கிவிட்டது. வெளிநாட்டு முகவரிக்கு அனுப்ப மாட்டார்களாம். அந்த வாரம் பார்த்து நைனாவைத் திருப்பதியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். (எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம்.) புது அட்டை வீட்டு மேசையில் இருக்கிறது, அதை உயிர்ப்பிக்க என் கை வேண்டும். கணக்கில் பணம் இருக்கிறது. கவுண்டரில் கட்ட வழியில்லை. "நீ ஒண்ணும் கவலைப்படாதே நைனா, நாங்க பாத்துக்கறோம்" என்று அக்கா வீட்டுக்காரர் கடைவீதியில் தெரிந்த ஒருவரிடம் கைமாற்று வாங்கிக் கட்டினார். எங்களிடம் மகனையும் நைனா என்று அழைப்பதுண்டு. கைமாற்று கொடுத்தவர் ஒரு சீட்டும் எழுதவில்லை. ஷா ஜோக் முறை செத்துப்போகவில்லை என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

மேசை இழுப்பறையில் ஒரு போன்

2009 ஆகஸ்டு 1 முதல் இணையத்தில் அட்டை எண்ணைக் கொடுத்து வாங்கும்போது இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயமானது. முதலில் கடவுச்சொல்லாக இருந்து, பிறகு கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யாக நிலைத்தது. திருட்டைக் குறைத்த நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் வேடிக்கை ஒன்று நெடுங்காலம் இருந்தது. இந்திய அட்டை அமெரிக்க இணையக் கடையில் கேள்வியில்லாமல் ஓடும். சித்தூர் வீட்டுக் கரண்ட் பில்லைக் கட்டப் போனால் ஓ.டி.பி. கேட்கும். மின்சாரக் கம்பெனியின் தலைமையகமோ திருப்பதியில், பக்கத்து ஊர்!

இப்படித்தான் "இது அவன்தான்" என்று சொல்லும் பொறுப்பு வணிகர், தபால்காரர், கிளை மேலாளர் எல்லோரையும் விட்டு ஒரு சிம் துண்டுக்கு வந்து சேர்ந்தது. நம்மில் எத்தனை வீடுகளில், ஊரிலுள்ள மேசை இழுப்பறையில் ஒரு பழைய போன் சார்ஜில் கிடக்கிறது! இங்கே இரவு, அங்கே விடியல். "அம்மா, இப்ப ஒரு மெசேஜ் வந்திருக்கும், ஆறு நம்பர் படிங்க." "இரு கண்ணு, கண்ணாடியைத் தேடறேன்." கண்ணாடி கிடைப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அந்தச் செய்தியிலேயே எழுதியிருப்பதை அம்மா சேர்த்துப் படிப்பார்கள்.

சிம்முக்கும் ஆயுள் உண்டு. 2013இல் டிராய் வகுத்த விதிப்படி, ப்ரீபெய்டு எண்ணை 90 நாள் பயன்படுத்தாவிட்டால், இருப்பும் இல்லாதபோது, நிறுவனம் அதைத் துண்டிக்கலாம். பிறகு எண் வேறொருவருக்குப் போகும். உங்கள் வங்கிச் செய்தி முகம் தெரியாத ஒருவர் போனில் ஒலிக்கும். ஆகவே சிம்மை ரோமிங் வசதியோடு கையில் எடுத்து வருவதும், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அதில் ஒரு ரீசார்ஜோ அழைப்போ செய்வதும் நல்லது. என்.ஆர்.ஐ. கணக்குகளுக்கு வெளிநாட்டு எண்ணைப் பதிய பல வங்கிகள் இடம் தருகின்றன. 2023 ஜனவரியில் அமெரிக்கா, சிங்கப்பூர், வளைகுடா நாடுகள் சில உட்பட பத்து நாட்டு எண்களுக்கு யு.பி.ஐ. வசதியும் அனுமதிக்கப்பட்டது. இன்னொன்று: 2020 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் புது அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே வரும், நாமே திறந்துகொள்ள வேண்டும். 'இந்தியா, நேப்பாளம் மட்டும்' வேறு உருவில் திரும்பி வந்தது போல. இந்த முறை பூட்டின் சாவி நம்மிடம் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பெயரும் ஊரும்

கடைசியாகப் பெயர்ச் சங்கதி. தமிழனுக்குத் தலைப்பெழுத்து, ஆந்திரத்தில் 'இண்டி பேரு', அதாவது வீட்டுப் பெயர், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். சித்தூர்த் தமிழனுக்கு இந்த மூன்றும் மோதும். பள்ளிச் சான்றில் ஓர் எழுத்து, பான் அட்டையில் அது அப்பா பெயராக விரிந்திருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால் போயிருக்கும். வங்கிக் கணினிக்கு இவர்கள் மூன்று பேர். முகவரியும் நிலையாக நிற்பதில்லை. என் பாட்டனார் பிறந்தபோது வட ஆர்க்காடு, பிறகு சித்தூர். 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனபோது உறவினர் பாதிப்பேர் வேறு மாநிலத்தவர் ஆனார்கள். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. வீடு அங்கேயே இருக்கிறது, கே.ஒய்.சி. படிவத்தில் மட்டும் குடிபெயர்ந்துகொண்டே இருக்கிறது.

இரண்டு ஆண்டு நாமாக எதுவும் செய்யாத கணக்கு செயலற்றதாகும். பத்து ஆண்டு ஆனால் பணம் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் நிதிக்குப் போகும். அந்த நிதி 2014இல் ஏற்பட்டது. போனாலும் உரிமை போவதில்லை, உரியவரோ வாரிசோ வங்கி மூலம் கேட்கலாம். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாகப் போடலாம். பிள்ளைகள் வெளிநாட்டில் பிறந்தவர்களானால் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டிலேயே போடுங்கள்.

தாத்தா, பாட்டி பேரில் எங்கேனும் பணம் நின்றிருக்குமோ என்று பார்க்க, 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி 'உத்கம்' என்ற இணையதளத்தைத் திறந்தது. தேடும்போது தலைப்பெழுத்தோடு ஒருமுறை, வீட்டுப் பெயரோடு ஒருமுறை, அப்பா பெயரை விரித்து ஒருமுறை என்று மூன்று விதமாகவும் போட்டுப் பாருங்கள். அங்கே கண்ணில் பட்டாலும் பணத்தைக் கேட்க அந்த வங்கிக்கே போக வேண்டும். பழைய பாஸ்புக் இருந்தால் எடுத்துப் போங்கள். தமிழில் போட்ட கையெழுத்து அதில் இருக்கும்.